படுக்கையில் கிடந்த மாமா ஏணியில் நின்றபோது

வளைகுடாவில் சில வருடங்கள் குடியிருந்துவிட்ட எந்தத் தமிழன் வீட்டிலும், ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு சாமான் கட்டாயம் இருக்கும். எங்கள் வீட்டில் அது முட்டை அவிக்கும் மிஷின். நாங்கள் முட்டை சாப்பிடுவதில்லை. சோப்புத் தூள் பெரிய மூட்டையாக வாங்கியதற்கு இலவசமாகக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. (என் மனைவி கோமதியைக் கேட்டால், என்னை அந்தக் கடைக்குத் தனியாக அனுப்பியது அவளுடைய தப்பு என்பாள்.)

இந்த இலவச வியாதி முற்றிப்போய் ஒருநாள் என் மாமனாரையே படுக்கையில் தள்ளியது. அதுவும் அவருக்குத் தெரியாமல்.

மாமா பெயர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். துபாய் அல் கூஸில், ஏசி காற்று போகிற தகரக் குழாய்கள் செய்யும் பட்டறை ஒன்றில் போர்மேன். வயது அறுபத்து நான்கு. பார்த்தால் தெரியாது. சட்டையை இன் பண்ணி, தலைக்கு மை பூசி, பெல்ட்டை இறுக்கி அவர் நடந்து வந்தால் பட்டறையே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று; முப்பதிலேயே என் தலை காலி. நாங்கள் இருவரும் சேர்ந்து முடிவெட்டப் போனபோது சலூன்காரர் மாமாவிடம், "அண்ணனுக்கு மொதல்ல பாத்துரலாமா பாய்?" என்று கேட்டார். அண்ணன் என்று அவர் சொன்னது என்னை.

மாமா பட்டறைக்குப் பின்னால் இருந்த கேம்ப்பில்தான் தங்கியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஷார்ஜாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து, ஞாயிறு மதியம் நன்றாகச் சாப்பிட்டு, சோபாவில் தூங்கி எழுந்து போவார். அத்தை ஊரில். கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து இருந்ததெல்லாம் லீவில்தான். கோமதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா என்றால் பெட்டியோடு வந்து பெட்டியோடு போகிறவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

அந்த வருடம் அதற்கு ஒரு முடிவு வரும்போல இருந்தது. மாமாவின் முதலாளி (எல்லோரும் அவரை அர்பாப் என்றுதான் கூப்பிடுவார்கள், வயதான எமிராத்தி மனிதர்) ஓமான் நாட்டுச் சலாலாவில் ஒரு கிளை திறந்திருந்தார். அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பொறுப்பாளருக்கு வீடு உண்டு, குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். மாமாவுக்கும் இன்னொரு இளவட்ட போர்மேனுக்கும் இடையில் போட்டி. மாமாவிடம் அனுபவம் இருந்தது, மற்றவரிடம் இளமை இருந்தது. அர்பாப் புதன்கிழமை பட்டறைக்கு நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பேச்சு.

"பட்டறையில யாரும் போன் பண்ணி என் வயசப் பத்திப் பேசிறாதிய," என்று மாமா சனிக்கிழமையே எங்களிடம் சொல்லிவைத்தார். "பிரஷர் மாத்திர போட்டாச்சான்னுகூடக் கேக்கப்பிடாது. நான் மாத்திரையே போடலன்னாலும் கேக்கப்பிடாது."

நாங்கள் தலையாட்டினோம். என் தலைதான் ரொம்ப பலமாக ஆடியது.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா தன் போனை என்னிடம் கொடுத்து, "மாப்பிள, இதுல கண்ட மெசேஜும் வந்து கெடக்கு, தேவையில்லாதத எல்லாம் அழிச்சு விடுங்க," என்று சொல்லிவிட்டு சோபாவில் சாய்ந்தார். அழித்துக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நின்றேன். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பியது. அறுபது வயதைத் தாண்டிய உறுப்பினர்களுக்கு வீட்டில் வைத்துக்கொள்ள மருத்துவச் சாமான் பெட்டி. முற்றிலும் இலவசம். இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்.

முற்றிலும் இலவசம் என்பதைப் படித்தபின் என் மூளை எனக்குச் சொந்தமில்லை. கூப்பிட்டேன்.

ஒரு பெண் இந்தியில் பேசினாள். மகன் பேசுகிறேன் என்றேன். (மருமகன் என்றால் ஒருவேளை பெட்டி சின்னதாகிவிடுமோ என்று பயம்.) பி.பி. பார்க்கும் மிஷினும் மாத்திரை டப்பாவும் எல்லோருக்கும் உண்டு, மற்றவை உறுப்பினரின் நிலையைப் பொறுத்தது, சில கேள்விகள் கேட்கலாமா என்றாள். தாராளமாக என்றேன்.

"நடப்பதில் சிரமம் உண்டா?"

மாமா முந்தின நாள் புதுச் செருப்பு கடித்து லேசாக நொண்டியிருந்தார். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் உண்டு என்றேன். "அப்படியானால் வாக்கர் ஒன்று," என்று தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஒவ்வொரு 'உண்டு'க்கும் ஒரு சாமான்.

"ராத்திரியில் கழிப்பறைக்கு எழுந்து போவாரா?"

யார்தான் போவதில்லை. உண்டு என்றேன்.

"தனியாகப் போய்விடுவாரா?"

எங்கள் ஃபிளாட்டில் ஒரே கழிப்பறை, அதுவும் கடைசியில். சுவிட்ச் எங்கே என்று அவருக்கு இன்னமும் பிடிபடவில்லை. சிரமம்தான் என்றேன். கமோடு வைத்த நாற்காலி ஒன்று சேர்ந்தது. பெட் பேன் ஒன்று. பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு கட்டு.

இந்தச் சமயத்தில் சோபாவிலிருந்து மாமாவின் குறட்டை கிளம்பியது. அவர் குறட்டை சாதாரணமானதல்ல. தகரத்தை அறுப்பதுபோல இருக்கும், தொழில் பக்தி.

"அது என்ன சத்தம்?" என்று அந்தப் பெண் கவலையோடு கேட்டாள்.

"அவர்தான்," என்றேன்.

"இப்போது எழுந்து உட்கார முடியுமா அவரால்?"

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை எழுப்பி உட்கார வைத்தவர் எவரும் இல்லை. முடியாது என்றேன். அவள் குரல் தணிந்துவிட்டது. நர்ஸ் ஒருவர் சாமான்களோடு நேரிலேயே வந்து, உபயோகிக்கும் முறையைச் சொல்லித் தருவார் என்றாள். பிறகு முகவரியைப் படிக்க ஆரம்பித்தாள். எங்கே அவள் மனசு மாறிவிடுமோ என்ற அவசரத்தில், அவள் முடிப்பதற்குள்ளேயே, "கரெக்ட், கரெக்ட்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்சூரன்ஸ் மாமாவின் கம்பெனி எடுத்தது. அவர்களிடம் இருந்தது கம்பெனி முகவரி. இது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு பெரிய பெட்டி வரப்போகிறது என்ற சந்தோஷம் மட்டும்தான் தோன்றியது. கோமதியிடம்கூடச் சொல்லவில்லை. திடீரென்று கொண்டுவந்து இறக்கி அசத்திவிடலாம் என்று திட்டம்.

புதன்கிழமை காலை நான் தேராவில் என் ஆபீசில் இருந்தேன். மாமா நம்பரைக் கொடுக்காமல் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் புத்திசாலி. போன் அடித்தது. வண்டி ஓட்டுபவர் பேசினார். பேஷண்டுக்கான சாமான்களோடு வந்துகொண்டிருக்கிறோம், அல் கூஸுக்குள் நுழைந்துவிட்டோம், பட்டறை எந்தத் தெரு என்று கேட்டார்.

பட்டறை என்ற சொல் காதில் விழுந்ததும், அன்றைக்குப் புதன்கிழமை என்பதும் சேர்ந்தே விழுந்தது. வராதீர்கள், திரும்பிப் போங்கள் என்றேன். லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். வாயில் வந்த முதல் வாக்கியம், "சார், மாமனார் ரொம்ப சீரியஸ்." அவர் நல்ல மனிதர். எழுந்து நின்று என் தோளைத் தொட்டு, "போ, போ, எதையும் யோசிக்காதே," என்றார். ஆக, மாமா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று நம்புகிறவர்கள் எண்ணிக்கை காலையிலேயே கூடிக்கொண்டிருந்தது.

நான் அல் கூஸ் போய்ச் சேர்ந்தபோது பட்டறை வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று அர்பாபின் பெரிய வெள்ளை வண்டி. அதன் நிழலில் இன்சூரன்ஸ்காரர்களின் வேன், பின்கதவு திறந்தபடி. வாக்கரும் கமோடு நாற்காலியும் இறக்கி வைக்கப்பட்டு, தகரச் சுருள்களுக்கு நடுவில் நன்றாக எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றன.

உள்ளே எட்டிப் பார்த்தேன். பட்டறை நடுவில் உயரமான ஏணியின் உச்சியில் மாமா. ஒரு பெரிய டக்ட் குழாயைத் தோளில் தாங்கி, மறுகையால் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். அதை ஒரு ஹெல்பர் செய்யலாம். ஆனால் கீழே அர்பாப், ஜெபமாலையை உருட்டியபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாமா ஏறியது அந்தப் பார்வைக்காக.

வாசலில் ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். இளம் பெண், யாழ்ப்பாணத் தமிழ். சட்டையில் தர்ஷினி என்று பெயர்ப் பட்டை. வாட்ச்மேனிடம், மிஷின் சத்தத்தை மீறி உரக்கக் கேட்டார்: "இசக்கிமுத்து எண்டவர் எங்க? படுத்த படுக்கையா இருக்கிறவர் எண்டு சொன்னவை. ஆர் பாக்கிறது அவரை?"

வாட்ச்மேன் ஏணியை நோக்கிக் கையைத் தூக்கப் போனார். அந்தக் கை உயர்வதற்குள் நான் பாய்ந்து குறுக்கே நின்றேன்.

"நான்தான் இசக்கிமுத்து."

தர்ஷினி கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அறுபத்து நாலு வயசோ?"

"ஆமாம்."

நம்ப மாட்டார், எப்படிச் சமாளிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "ஓம், தெரியுது," என்றார். என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக ஒரு பொய் பலித்ததும் இல்லை, பலித்ததற்காக இவ்வளவு வருத்தப்பட்டதும் இல்லை.

"ஆனா ஐயா, நீங்கள் ஓடி வந்தனீங்களே."

"நல்ல நாள்ல ஓடுவேன்மா. அப்புறம் விழுந்துருவேன்."

அவர் முகம் மாறிவிட்டது. உடனே என் கையைப் பிடித்து, அருகில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தார். அது கமோடு நாற்காலி.

அங்கே உட்கார்ந்துகொண்டு, சாமானை வைத்துவிட்டு நீங்கள் போகலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சொல்லித் தராமல் போகக் கூடாது என்பது விதி என்றார். தகரம் வளைக்கும் மிஷின் நின்றது. பிறகு வெட்டும் மிஷின் நின்றது. வேலையாட்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். பி.பி. பட்டையை என் கையில் கட்டிக் காற்றடித்தார். எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி கட்டினார். "அசையாதேங்கோ ஐயா. கதையாதேங்கோ," என்றார்.

பிறகு வாக்கர். வளைக்கும் மிஷினிலிருந்து வெட்டும் மிஷின் வரை நான் நடந்து காட்ட வேண்டும். இடது காலை எப்போது வைப்பது, வலது காலை எப்போது வைப்பது என்று பொறுமையாகச் சொன்னார். நானும் நடந்தேன். என்ன செய்வது, நான் நன்றாக நடந்தால் மாட்டிக்கொள்வேன்; மோசமாக நடந்தால் திருப்பி நடக்கச் சொல்வார். நடுத்தரமாக நடந்தேன். பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டான்காரர் கைதட்டி, "ஷாபாஷ், ஷாபாஷ்," என்று உற்சாகப்படுத்தினார். டயப்பர் கட்டு பிரிக்கப்பட்டபோது, அதைப் படம் பார்த்தே புரிந்துகொள்வேன் என்று கெஞ்சித் தப்பித்தேன்.

மேலேயிருந்து குரல் வந்தது. "மாப்பிள? நீங்க இங்க என்ன பண்ணுதிய?"

நான் அண்ணாந்து பார்க்கவில்லை. அர்பாப் அண்ணாந்து, "முத்து, இது யார்?" என்று இந்தியில் கேட்டார். அவருக்கு மாமா எப்போதும் முத்துதான்.

"என் மகள் வீட்டுக்காரர்," என்று மாமா மேலேயே நின்று பதில் சொன்னார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது குரலில் தெரிந்தது.

அர்பாப் என் பக்கம் வந்தார். நாற்காலியைப் பார்த்தார், வாக்கரைப் பார்த்தார், பெட் பேனைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். "மிஸ்கீன்," என்றார். பாவம் என்று அர்த்தம். அந்தச் சொல்லில் அவ்வளவு கருணை. எல்லாம் சரியாகிவிட்டது, மாமாவின் வயது தப்பித்தது என்று நான் மூச்சு விட்டேன்.

அர்பாப் ஏணியை நோக்கித் திரும்பினார். "முத்து, வீட்டில் இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டா இத்தனை நாள் வேலைக்கு வந்தாய்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே. உன் மகள் தனியாக என்ன செய்வாள்? நீ சலாலாவுக்கெல்லாம் போக வேண்டாம். மகள் பக்கத்திலேயே இரு. நான் மற்றவனை அனுப்பிக்கொள்கிறேன். ஹலாஸ்."

ஹலாஸ் என்றால் முடிந்தது. சலாலாவில் ஒரு வீட்டு வாசலில் அத்தை பெட்டியோடு நிற்பதுபோலவும், நான் கமோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கதவைச் சாத்துவதுபோலவும் தோன்றியது.

எழுந்தேன். "அர்பாப், எனக்கு ஒன்றுமில்லை. நான் நன்றாக இருக்கிறேன்," என்றேன். நிரூபிக்க வேண்டாமா? வாக்கரைத் தள்ளிவிட்டு நாலடி வேகமாக நடந்தேன். அது போதாதுபோல இருந்தது. குதித்தேன். இரண்டு மூன்று முறை குதித்தேன்.

"ஐயா, விழுந்திடுவியள், ஆராவது பிடியுங்கோ," என்றார் தர்ஷினி. பட்டான்காரர் பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அர்பாப் மிக வருத்தத்தோடு, "இங்கேயும்கூடவா?" என்பதுபோலத் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

மாமா இறங்கி வந்தார். கையைத் துணியில் துடைத்தார். "மாப்பிள, என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

பட்டான்காரரின் பிடியில் இருந்தபடியே சொன்னேன். மெசேஜ், போன், செருப்புக் கடி, குறட்டை, முகவரி, எல்லாம். மாமா பெட் பேனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தகரத்தின் கனத்தைப் பார்ப்பதுபோல விரலால் சுண்டிப் பார்த்தார்.

"நான் எந்திரிச்சு ஒக்கார மாட்டேன்னா சொன்னிய?"

"அப்போ தூங்கிட்டு இருந்தீங்க மாமா."

அவர் அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அர்பாபிடம் திரும்பி, தன் பட்டறை இந்தியில் முழுக் கதையையும் சொன்னார். தன் வயதையும் சேர்த்து, அறுபத்து நான்கு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கடைசியில் என்னைக் காட்டி, "இவருக்கு உடம்புல ஒண்ணும் இல்ல அர்பாப். முக் மாஃபி," என்றார். முக் என்றால் மூளை. மாஃபி என்றால் இல்லை.

சொல்லிவிட்டு, கமோடு நாற்காலியை ஒரு கையிலும் வாக்கரை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டு நேராக நடந்து போய் வேனில் ஏற்றினார். திரும்பி வந்து பெட் பேன். பிறகு டயப்பர். யாரையும் தொட விடவில்லை.

அர்பாப் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜெபமாலை நின்றிருந்தது. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அவர் சிரித்து அந்தப் பட்டறையில் யாரும் பார்த்ததில்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தர்ஷினியிடம் மாமாவின் பி.பி.யைப் பார்க்கச் சொன்னார்.

தர்ஷினி பார்த்தார். "இவருக்கு நல்லா இருக்குது. எனக்கே இப்பிடி வராது," என்றார்.

அர்பாப் தன் சட்டைக் கையை மடித்து, கையை நீட்டினார். அவருக்குக் கொஞ்சம் கூடுதல். உப்பைக் குறைக்கச் சொன்னார் தர்ஷினி. ஒரு பள்ளிக்கூடப் பையனைப்போல அவர் சரி என்றார். "எனக்கு எழுபது தாண்டிவிட்டது. நான் தினம் வேலைக்கு வரவில்லையா? முத்து, நீயே சலாலாவுக்குப் போ," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். மாமா ஏணியின் ஒரு படியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பி.பி. மிஷினையும் மாத்திரை டப்பாவையும் மட்டும் தர்ஷினி விட்டுவிட்டுப் போனார். அவை மாமாவுக்கு முறைப்படி உள்ளவை. போகும்போது என்னிடம், "அண்ணா, பொய் சொன்னதால ஏறினதோ, முந்தியே இருந்ததோ தெரியேல்ல. உங்கட பிரஷர் சரியில்லை. டொக்டரிட்டக் காட்டுங்கோ," என்றார். ஐயாவிலிருந்து அண்ணாவாக இறங்கியதில் எனக்கு அப்போதும் ஒரு சின்ன சந்தோஷம். (காட்டினேன். முந்தியே இருந்ததாம். இப்போது தினம் ஒரு மாத்திரை எனக்குத்தான்.)

அதற்குள் மாமாவின் போன் அடித்தது. கோமதி. என் மேனேஜர் நல்ல மனிதர் என்று சொன்னேனே, அவர் வீட்டுக்குக் கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்திருக்கிறார். அழுதுகொண்டே அப்பா நம்பருக்கு அடித்தவளிடம் மாமா சாவகாசமாகச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் படுத்த படுக்கையால்லா இருக்கேன். உன் வீட்டுக்காரருக்குத்தான் இப்பதான் நடக்கச் சொல்லிக் குடுத்தாவ."

அன்று சாயங்காலம் கோமதி பேசியதை இங்கே எழுத முடியாது. முட்டை மிஷினில் ஆரம்பித்தாள் என்று மட்டும் சொல்கிறேன்.

மாமா சலாலா போனார். சில மாதங்களில் அத்தையும் வந்து சேர்ந்தாள். அடுத்த மழைக்காலத்தில், ஊரே பச்சையாகித் தூறிக்கொண்டிருந்த சமயத்தில் நாங்கள் போனோம். மாத்திரை டப்பாவின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு அளவு ஸ்க்ரூ போட்டு மாமா மேஜையில் வைத்திருந்தார். அத்தை அடுப்படியிலிருந்து அவரைப் பெயர் சொல்லாமல் எதற்கோ அதட்டிக்கொண்டிருந்தாள். அவர் அதை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், வாசலில் கார் நின்றதும் ஒன்று நடந்தது. மாமாவின் பட்டறைப் பையன்கள் இரண்டு பேர் ஓடி வந்து கதவைத் திறந்து, ஆளுக்கொரு பக்கம் என் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினார்கள். துபாயிலிருந்து கதை அங்கே பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை என்றேன். "பரவால்ல சார், கூச்சப்படாதீங்க," என்றார்கள்.

மாமா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விளக்கம் சொல்வார் என்று அவரைப் பார்த்தேன்.

"நல்லாப் பிடிச்சுக்கோங்கடே," என்றார். "நல்ல நாள்னா ஓடுவாவ. அப்புறம் விழுந்துருவாவ."

கோமதி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். அவளை யாரும் பிடிக்கவில்லை. இன்றுவரை சலாலாவில் எனக்கு அதே மரியாதைதான். நானும் திருத்தப் போவதில்லை. அங்கே யாரும் என்னை ஒரு பையைக்கூடத் தூக்க விடுவதில்லை.